விளையாட்டுப் பீரியடை இனி யாருக்கும் கடன் கொடுப்பதில்லை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மூன்று புகார்கள் வந்தன. சின்னப் பிள்ளைகளை வெயிலில் விடுகிறீர்கள் என்பது முதலாவது. ஆறாம் வகுப்பில் கணக்குப் பீரியடில் காய்கறி விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாடம் எப்போது முடியும் என்பது இரண்டாவது. பெண் பிள்ளைகளின் தடுப்பூசி பற்றிச் சீட்டு அனுப்பியது ஏன் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்கவில்லை. வாசலில் தனியாக நின்று கேட்டார்கள். மழை வந்து கூட்டம் பாதியில் கலைந்துவிட்டதால் பதிலை எழுத்தில் தருகிறேன்.

பல்கலைக்கழக ஆய்வுகளைப் படித்துத்தான் இவற்றை முடிவு செய்தோம் என்று அன்று சொன்னேன். உடனே ஒரு தந்தை கைப்பேசியை நீட்டினார். ஞாபகசக்திப் பொடி விளம்பரம். 'அமெரிக்கப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது' என்று போட்டிருந்தது. எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே கேள்விகளை நீங்கள் என்னிடமும் கேட்க வேண்டும்.

முதலில் வெயில்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையில் நின்று பார்த்தால் இப்போதெல்லாம் மூன்றாம் வகுப்பு வரிசையிலேயே மூக்குக் கண்ணாடிகள் மின்னுகின்றன. முன்பு ஒன்பது, பத்தாம் வகுப்பு வரிசைகளில்தான் அவற்றைப் பார்ப்போம். கிட்டப்பார்வை என்பது விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிடுவது. கண்ணாடி போட்டால் கரும்பலகை தெரியும். நீண்ட விழி மீண்டும் சுருங்காது. பவர் மிக அதிகமாகிவிட்டால் நடுத்தர வயதில் விழித்திரை பிரிதல் போன்ற ஆபத்துகளும் கூடும்.

'டிவி பார்த்து, போன் பார்த்துக் கெட்டுவிட்டது' என்றும், 'படித்துப் படித்துக் கண் போய்விட்டது' என்றும் சொல்வோம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பேச்சைக் கொஞ்சம் குழப்பியது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். இருவருக்கும் வயது ஆறு, ஏழு. கண்ணாடி போட்ட பெற்றோரின் விகிதமும் இரு ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு, சிட்னியில் 3 விழுக்காட்டினருக்கு மட்டும். சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களோ என்றால், இல்லை. வாரத்துக்குப் படித்த புத்தகங்கள் அவர்களுக்குத்தான் அதிகம். பெரிய வேறுபாடு ஒன்றில்தான் இருந்தது: சிட்னிக் குழந்தை வாரத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தது, சிங்கப்பூர்க் குழந்தை மூன்று மணி நேரம்.

இரண்டு ஊர்களை ஒப்பிட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஊருக்கு ஊர் வேறு ஆயிரம் வித்தியாசங்கள் இருக்கும். அதனால் சீனாவின் குவாங்சோ நகரில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் கண் மருத்துவ மையத்தினர் நேரடியாகவே சோதித்தார்கள். 12 தொடக்கப் பள்ளிகள். குலுக்கல் முறையில் ஆறு பள்ளிகளில் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில். மற்ற ஆறு பள்ளிகள் வழக்கம்போல். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு, வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 விழுக்காடு. 2015-இல் முடிவுகள் வெளியாயின. மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வெளியில் விட்ட பள்ளிகளிலும் பத்தில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் செலவே இல்லாத ஒரு காரியத்தால் நூறு பிள்ளைகளில் ஒன்பது பேர் தப்பினார்கள் என்றால், அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதனால் பவர் ஏறாது என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்று இந்த அளவுக்கு வலுவானது அல்ல. அவர்கள் கண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் வெளிச்சம் என்கிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நல்ல வெளிச்சமுள்ள வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெளியில் மர நிழலிலேயே சில ஆயிரம் லக்ஸ். அந்த ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரப்பதும், அது விழி நீள்வதைத் தடுப்பதும் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கவனியுங்கள், மர நிழல். உச்சி வெயிலில் ஒரு பிள்ளையையும் நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். காலை வழிபாடு முடிந்து 20 நிமிடம், மாலை கடைசி மணிக்கு முன் 20 நிமிடம், வேப்ப மரங்களுக்கு அடியில். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும். விளையாட்டுப் பீரியடை 'போர்ஷன் முடிக்கணும்' என்று பாட ஆசிரியர்கள் கடன் வாங்கிக்கொள்ளும் நல்ல வழக்கத்துக்கும் இந்தப் பருவத்தோடு முற்றுப்புள்ளி. வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாக எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சொல்லவில்லை.

அடுத்து காய்கறிக் கணக்கு.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ (இருவரும் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள்), ஹார்வர்டின் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் சேர்ந்து செய்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடையில் நிற்கும் 1,436 பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய்ப் பொருள் வாங்கினார்கள். வேண்டுமென்றே ஒழுங்கற்ற அளவு கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1 கிலோ 400 கிராம். மொத்தம் எவ்வளவு? 200 ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு? பேனா, தாள் இல்லாமல் 37 என்று சொல்லி, 163 ரூபாய் மீதி கொடுத்தார்கள். அதே பிள்ளைகளிடம் அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக வடிவில் எழுதிக் கொடுத்தால் திணறினார்கள்.

இதில் நமக்கு உறைக்க வேண்டிய பாதி இனிமேல்தான். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், கடையில் நின்று பழக்கமில்லாத 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். எழுதிக் கொடுத்த எளிய கணக்கை அவர்கள் நன்றாகவே போட்டார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாகச் சொன்ன ஒரு வியாபாரக் கணக்குக்கு, பள்ளிப் பிள்ளைகளில் விடை சொன்னவர்கள் ஒரே ஒரு விழுக்காடு. எழுதி எழுதிக் கூட்டி, நேரம் போய், வழியும் தவறிவிட்டார்கள். ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறு பக்கத்துக்குப் போகவே இல்லை.

படித்ததும் எங்கள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். மாலையில் அப்பாவின் தள்ளுவண்டியில் நிற்பவன். கணக்கில் அவன் மதிப்பெண் எப்போதும் சிவப்பு மைதான். அவனை அழைத்து இதே உருளைக்கிழங்கு, வெங்காயக் கணக்கைக் கேட்டேன். "கிலோ இருபதுன்னா கால் கிலோ அஞ்சு... இல்லைங்க, இருநூறு கிராம் நாலு. இருபதுல நாலு போனா பதினாறு. வெங்காயம் கிலோ பதினஞ்சு, நானூறுக்கு ஆறு, இருபத்தொண்ணு. முப்பத்தேழு ரூபாய்ங்க." பலகையில் 0.8 × 20 என்று எழுதினேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். இருநூறு கிராம் என்று அவன் சொன்னதும் 0.2 என்று நான் எழுதியதும் ஒன்றே என்பதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் கணக்குப் பீரியடில் காய்கறி விலை.

இந்த ஆய்வைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைக் கடையில் உட்காரவைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். குழந்தை உழைப்புக்கு அது சான்றிதழ் கொடுக்கவில்லை. பள்ளியைத்தான் குற்றம் சாட்டுகிறது. உங்களிடம் கேட்பது சிறிய உதவி: வாரத்தில் ஒரு நாளாவது மளிகைக் கடைக்குப் பிள்ளையின் கையில் ரூபாய் நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு வந்தால் மீதிச் சில்லறை என்ற ஒன்றை அந்தப் பிள்ளை பார்க்கவே போவதில்லை.

பின்தங்கிய பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி, நம் மாநிலத்திலிருந்தே. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி மூடியிருந்தபோது இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அதாவது மாலையில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சொல்லிக்கொடுத்த ஊர்க்காரர்களால், பெரும்பாலும் பெண்களால். ஆகவே 'இனி இவன் தேறமாட்டான்' என்று பிள்ளையின் முன்னால் சொல்வதை நிறுத்துங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். வாசலில் தாழ்ந்த குரலில் கேட்டதற்கு நான் உரக்கவே பதில் சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அதற்கான தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவு. சின்ன வயதிலேயே ஏன் என்றால், வைரஸ் தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பயன். 9 முதல் 14 வயது ஏற்ற காலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மை ஊசி போடும்போது நாம் யாரும் நடத்தையைப் பற்றி யோசிப்பதில்லை.

அம்மை ஊசி என்றதும் ஆட்டிசம் வரும் என்ற வதந்தி உங்கள் குழுக்களில் இன்னும் சுற்றுவது எனக்குத் தெரியும். அதன் மூலம் 1998-இல் லண்டனில் வெளியான ஒரு கட்டுரை. அதில் இருந்த பிள்ளைகள் 12 பேர். ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. 2010-இல் அந்த மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த வதந்தியின் பக்கம் 12 பேர், எச்.பி.வி. ஊசியின் பக்கம் 16 லட்சம் பேர். எதை நம்பி மகளுக்கு முடிவெடுப்பது என்பது உங்கள் கையில். பள்ளி யாரையும் கட்டாயப்படுத்தாது. சீட்டோடு குடும்ப மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. மேல்நிலையில் 'வெறும் இயற்பியல் படித்து என்ன ஆகப்போகிறது' என்று சிலர் கேட்கிறீர்கள். 2023 அக்டோபர் 3 அன்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் லூலியே என்ற பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் கைப்பேசியை எடுத்துப் பேசினால், இயற்பியல் நோபல் அவருக்கு. பேசி முடித்து வகுப்புக்குத் திரும்பிப் போய் மிச்சப் பாடத்தை நடத்தினார். அந்தப் பரிசைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். பரிசுக்குரிய வேலை தொடங்கியது 1987-இல், பிரான்சில். அகச்சிவப்பு லேசரை ஒரு மந்த வாயுவின் ஊடே செலுத்தினால், தம்புராத் தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் கேட்பதுபோல், ஒளியிலும் மேல் அதிர்வெண்கள் பல பிறப்பதைக் கண்டார். அவற்றைச் சேர்த்துத்தான் பின்னர் அட்டோநொடி அளவிலான ஒளித் துடிப்புகளை உண்டாக்க முடிந்தது. ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்டால் வரும் அத்தனை அட்டோநொடிகள் ஒரு நொடிக்குள் இருக்கின்றன. எலெக்ட்ரான் நகர்வதைப் பின்தொடர அவ்வளவு குறுகிய ஒளி வேண்டும். பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான ஃபெரென்ஸ் கிரௌஸின் குழு, இதையொட்டி வளர்ந்த லேசர் நுட்பத்தால் இரத்தத்தில் நோயின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்று இப்போது ஆராய்கிறது. 1987-இல் 'இதனால் என்ன பயன்' என்று கேட்டிருந்தால் லூலியேவிடம் பதில் இருந்திருக்காது. உங்கள் மகளோ மகனோ இயற்பியல் கேட்டால் தடுக்காதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்தனுப்புங்கள். தோல் ஒவ்வாமை, வீசிங் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். தடுப்பூசிச் சீட்டை 'ஆம்', 'இல்லை' எதுவானாலும் குறித்து வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புங்கள்; வெற்றுச் சீட்டு வந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்போம். ஆறாம் வகுப்புச் சந்தைக் கணக்குக்குப் பழைய தராசு, எடைக்கற்கள் யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள்; ரசீது எழுதித்தான் வாங்கிக்கொள்வோம். மழையால் நின்ற கூட்டம் அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு, இம்முறை கலையரங்கின் உள்ளே.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்