ஊசியில் கரண்ட் வைக்கும் முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அக்குபங்சர் கட்டுரை படித்தேன். ஊசி போட்டால் அடைபட்ட சக்தி திறந்துகொள்ளும் என்பதோடு முடித்துவிட்டீர்கள். நரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன மாதம் மூட்டுவலிக்காக அப்பாவை இங்கே ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒன்று, கணுக்கால் பக்கம் ஒன்று என ஊசி போட்டு, இரண்டிலும் கிளிப் மாட்டி, சின்னப் பெட்டியின் திருகைத் திருப்பினார்கள். அறுந்த பல்லி வால் மாதிரி கால் சதை துள்ளியது. "உள்ளே கனமா இழுக்குதும்மா" என்றார் அப்பா.

அந்த இழுப்பு நரம்பு பேசுவது. சும்மா இருக்கும் நரம்பின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, கண் இமைப்பதற்குள் அது தலைகீழாகி, ஒரு மின்துடிப்பாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓடுகிறது. பதிலுக்கு உடம்பே, அபின் மாதிரி வேலை செய்யும் எண்டார்ஃபின் போன்ற வலியடக்கிகளைச் சுரக்கிறது. அபினின் வேலையைத் தடுக்கும் நாலக்சோன் மருந்தைக் கொடுத்ததும், ஊசியால் குறைந்திருந்த பல்வலி திரும்பிவிட்டதை ஆய்வாளர் டேவிட் மேயர் குழுவினர் 1977இல் எழுதினார்கள். திருகும் வெறும் திருகு இல்லை. நொடிக்கு 2 துடிப்பு வைத்தால் ஒரு வகை வலியடக்கி, 100 வைத்தால் வேறு வகை என்று சீன ஆய்வாளர் ஹான் ஜிஷெங் காட்டினார்.

சரி, இதை ஏன் எழுதுகிறேன்? அப்பாவுக்குப் புதுச்சேரியில், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்து இரண்டு வருடமாகிறது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை. பெட்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இதயத்தின் மின்துடிப்பைக் கவனித்துத்தான் பேஸ்மேக்கர் வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் துடிப்பை இதயத்துடையது என்று எடுத்துக்கொண்டால், தூண்ட வேண்டிய நேரத்தில் அது சும்மா இருந்துவிடலாம். பதறிப்போய் கிளிப்பைக் கழற்றச் சொன்னேன். நல்லவேளை, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் ஊசியோடு மீதி நேரம் படுத்திருந்தார்.

ஊசி மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அப்பா மறுபடியும் போகத்தான் போகிறார். ஆனால் சக்தி என்று மட்டும் சொன்னால், அதில் நிஜமான மின்சாரம் ஓடுவது யாருக்கும் தோன்றாது. கரண்ட் வைப்பதற்கு முன் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லுங்கள் என்று அடுத்த ஞாயிறு ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கொட்டை எழுத்தில் போட்டால் அப்பா வயதுக்காரர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்