சுட்டித் தொகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு பக்கம் சேமித்து வைத்திருக்கும் இணைய லிங்குகளை, அதாவது சுட்டிகளை, ஒரே தொகுப்பாக்கித் தரும்படி சென்ற பொதுக்குழுவில் என்னிடம் சொன்னீர்கள். ஒரு மாத வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ஆண்டு முழுவதும் அதிலேயே போயிற்று.

திரட்டியது சுலபம்தான். பிரவுசரில் இருக்கும் புக்மார்க்குகளை, அதாவது சேமித்த லிங்குகளை, எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் மறைந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் இந்தக் கோப்பின் முதல் வரியில் இன்றும் அதன் பெயர்தான் நிற்கிறது.

சேர்த்த பிறகுதான் தலைவலி. ஒரே கட்டுரை நான்கு முறை வந்திருந்தது: முகவரி எச்டிடிபி என்று தொடங்குவது ஒன்று, எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவது ஒன்று, கடைசியில் சாய்கோடு போட்டது ஒன்று, ‘யூடிஎம்’ என்று தொடங்கும் நீண்ட வாலோடு ஒன்று. அந்த வால், படிப்பவர் எங்கிருந்து வந்தார் என்று கணக்குப் பார்க்க ஒட்டுவது. சரி, கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் நறுக்கிவிடலாம் என்று நறுக்கினேன். சில தளங்களில் கட்டுரையின் எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவை எல்லாம் அந்தந்தத் தளத்தின் முகப்புக்குப் போய் நின்றன. பழைய கோப்பின் நகல் இருந்ததால் தப்பித்தேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

அடுத்தது செத்த லிங்குகள். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் பழைய ஃபோல்டர்களைத் திறந்தபோது அதை நம்பச் சிரமமாக இல்லை. ‘பக்கம் இல்லை’ என்பதற்கான 404 என்ற எண் வருவது நேர்மையான மரணம். முகவரி வேறொருவர் கைக்குப் போய் சூதாட்டத் தளமாகியிருந்தால், சரிபார்க்கும் நிரல் ‘நலம்’ என்றே சொல்லும். ஆகவே ஒவ்வொன்றையும் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது.

செத்தவற்றில் பலவற்றுக்கு வேபேக் மெஷினில் நகல் கிடைத்தது. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் பக்கங்களைச் சேமித்து, 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வாசல் அது. அங்கே தேட மூல முகவரி வேண்டும். ‘அவசியம் படிக்க!!!’ என்ற தலைப்பில் ஒரு சுருக்கிய லிங்க், அதாவது நீண்ட முகவரிக்குப் பதிலாக வேறொரு சேவை தரும் குட்டி முகவரி, இருந்தது. சுருக்கித் தந்த சேவை இப்போது இல்லை. அது எங்கே போயிற்று, எதைப் பற்றியது என்று சேமித்தவருக்கே நினைவில்லை. மூன்று ஆச்சரியக்குறி மட்டும் மிச்சம். இனிச் சுருக்கிய முகவரியைச் சேர்ப்பதில்லை என்று அன்றே குழுவில் முடிவெடுத்தோம்.

லிங்குகளை வகைப்படுத்த ஒட்டும் குறிச்சொற்கள் பற்றி இரண்டு கூட்டம் சண்டை. ‘கணினி’, ‘கணிணி’, ‘கம்ப்யூட்டர்’ என மூன்று இடங்களில் ஒரே விஷயம் சிதறிக் கிடந்தது. ‘கணினி’ மட்டும் நிற்கிறது. ‘முக்கியம்’ என்ற குறிச்சொல்லை நீக்கிவிட்டோம். எல்லாவற்றிலும் அது இருந்தது.

தொகுப்பை ஏதாவது ஒரு சேவையில் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். 2003இல் தொடங்கிக் குறிச்சொல் பழக்கத்தைப் பரப்பிய டெலிஷியஸ் என்ற லிங்கு சேமிக்கும் தளம், 2017இல் கைமாறி, புதிதாக எதையும் சேர்க்க முடியாததாயிற்று. பிறகு படிக்கக் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் பாக்கெட் என்ற சேவை 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. சேவையைப் பயன்படுத்துவோம், மாதம் ஒருமுறை கோப்பை இறக்கி நம்மிடமும் வைத்துக்கொள்வோம்.

வரும் ஆண்டுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. லிங்கைச் சேர்ப்பவர் எதற்காகச் சேர்க்கிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். பக்கம் செத்தாலும் அந்த வரியை வைத்துத் தேடலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இன்னும் கை வைக்காதது ‘பிறகு படிக்க’ ஃபோல்டர் மட்டும்தான். தொகுப்பிலேயே பெரியது அது. அதில் பாதிக்கு மேல் நான் போட்டவை. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன்.

செயலாளர்