ஜப்பான் அனிமே: சரிவு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் அனிமே என்னும் கார்ட்டூன் படத் தொழில் சரிந்துவருகிறது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023-இல் அதன் மொத்தச் சந்தை 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு வருமானம். தமிழ்க் குரலோடு நம் தியேட்டர்களுக்கே படங்கள் வருகின்றன. கூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

என் கவலையெல்லாம் வரைபவர்களைப் பற்றியது. ஒரு கதாபாத்திரம் தலையைத் திருப்புகிறது என்றால், தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மூத்த கலைஞர் வரைவார். நடுவில் வரும் படங்களை ஒவ்வொன்றாக வரைந்து நிரப்புவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். ஒரு தாளுக்கு 200 யென் அளவில்தான் பலருக்குக் கூலி. டோக்கியோவில் வீட்டு வாடகைக்கே அது கட்டாது. அப்புறம் எப்படி நிலைப்பார்கள்? இந்த வேலையில் பெரும்பகுதி சீனா, கொரியா, வியட்நாம் என்று வெளியே போய்விட்டது. கை பழகுவதே இந்த வேலையில்தான். நாளைய மூத்த கலைஞர்கள் உருவாகும் இடமே சுருங்குகிறது.

படம் ஓடினாலும் ஸ்டூடியோவுக்குப் பெரும்பாலும் பலனில்லை. டிவி நிறுவனம், பதிப்பகம், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து பணம் போடும் தயாரிப்புக் குழுவிடமே உரிமை இருக்கும். வரைந்தவர்களுக்குப் பேசிய தொகை மட்டும். கியோட்டோ அனிமேஷன் மாதச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்து ஆட்களை வளர்த்தது. மற்ற ஸ்டூடியோக்களும் அப்படிச் செய்ய, லாபத்தில் அவற்றுக்கு ஒரு பங்கு கிடைத்தாக வேண்டும்.

- வாசகர், திருச்சி