பாய்மரப் படகுப் போட்டி: ‘ஏன்’ என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற பிறகு, என்னைப் போன்ற பெற்றோர் சிலரும் துணிந்து பிள்ளைகளைப் பாய்மரப் படகில் ஏற்றிவிட்டிருக்கிறோம். படகு கிடைக்கிறது, பயிற்சியும் கிடைக்கிறது. பந்தய உத்தி மட்டும் பழைய ஆட்கள் வாய் திறந்தால்தான் கிடைக்கிறது.

சென்ற மாதம் பதினோரு வயதான என் மகள் ஆப்டிமிஸ்ட் (சிறுவர்கள் தனியாக ஓட்டும் சிறு படகு) பந்தயம் ஒன்றில் கடைசியாக வந்து, பாய் சரியில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். அருகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஈர விரலால் சிமெண்டுத் தரையில் கோடு போட்டார். “பாய் மேல பழி போடாத கண்ணு. மத்தியானக் கடல்காத்து கிழக்க பொறந்து, பொழுது சாயச் சாயத் தெக்க திரும்பும். நீ வடக்க போயி நின்னுட்ட.” வெயிலில் கோடு காய்ந்துவிட, மறுபடி வரைந்தார். காற்றை எதிர்த்து நேராகச் செல்ல முடியாத படகு வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பியே முன்னேற வேண்டியிருப்பதால், காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்து அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தூரம் குறைந்துவிடுகிறது என்பது எனக்கே அன்றுதான் விளங்கியது. தொடக்கக் கோட்டின் நடுவில் பாயைத் தளரவிட்டுப் படகின் முகப்பைக் காற்றுக்கு நேராக நிறுத்தினால், அது கோட்டின் எந்த முனைப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ, அந்த முனையிலிருந்து புறப்படுவதே லாபம் என்றும் சொல்லிக்கொடுத்தார். அவர் பேசியது இருபது நிமிடம்கூட இருக்காது.

மூத்தவரிடம் தோற்பதும் ஒரு படிப்புதான். 1996 ஒலிம்பிக்கில், ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் வகைப் படகுகளின் கடைசிப் பந்தயத்தில், புள்ளிகளில் முன்னிலையில் இருந்த பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட் வேண்டுமென்றே தொடக்கச் சைகைக்கு முன்பே கோட்டைத் தாண்ட, பின்தொடர்ந்து தாண்டிய 19 வயது பிரிட்டன் வீரர் பென் ஐன்ஸ்லியும் சேர்ந்து தகுதி இழந்தார். புள்ளிகளில் முன்னிலை மாறாததால் தங்கம் ஷெய்டுக்குப் போனது. நான்காண்டுகள் கழித்து சிட்னியில், அதே ஐன்ஸ்லி கடைசிப் பந்தயத்தில் ஷெய்டின் காற்றை மறித்து மறித்து அவரைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார்.

ஆகவே, ஒவ்வொரு பந்தயமும் முடிந்தபின் (காபிக்கும் வடைக்கும் போகும் அந்த அரை மணி நேரத்திலாவது) மூத்த வீரர்கள் சிறுவர்களோடு உட்கார்ந்து, தாங்கள் எங்கே திரும்பினோம், ஏன் திரும்பினோம் என்று பேசுவதைப் படகுக் கழகங்கள் வழக்கமாக்க வேண்டும். தங்கள் விளையாட்டுப் பக்கத்திலும், யார் முதலிடம் என்பதோடு நிறுத்தாமல், வென்றவர் எந்தப் பக்கம் போனார், ஏன் போனார் என்று கேட்டு இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அதைக் கத்தரித்து ஒட்டுவதற்கென்றே என் மகள் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ராயபுரம், சென்னை