சந்தைக் கழிவில் அடுப்பெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடிக் கலனோடு வரிசையில் நின்ற வெங்காயச் செய்கையாளர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊர்ச் சந்தையில் வாழைக்குலைத் தண்டும் கோவா இலையும் குவிந்து அழுகுகின்றன. பிறகு யாரோ கொளுத்துகிறார்கள். அதே கோவா இலையை அரிந்து, இரண்டு மாடுகளின் சாணத்தோடு கரைத்து வீட்டுத் தொட்டியில் விடுகிறேன். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதை எரியக்கூடிய மெதேன் வாயுவாக்க, காலைத் தேநீர் அதிலேதான் கொதிக்கிறது. மிஞ்சும் கரைசல் மிளகாய்க்கு உரம். பனையோலை மட்டும் சரிவராது. நாரை இறுக்கும் இலிக்னின் என்ற பொருள் மிகுந்தது, இலேசில் நொதிக்காது. (மனைவி அதை என்னோடு ஒப்பிடுவாள்.) சந்தையோடு ஒரு பெரிய தொட்டி கட்டினால் என்ன? சந்தைக் குத்தகைப் பணத்தில் அதன் வாசல் வளைவுக்கு வர்ணம் பூசுவதை அடுத்த வருடம் பார்க்கலாம்.

விவசாயி ஒருவர்,
உரும்பிராய்.