தடுப்பூசி தயாராக இருக்கிறது, தேடிப் போக ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனை வந்துவிட்ட பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் எதற்கு என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். நாமக்கல் மாவட்டத்தில் அந்த வேலையையே பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம். ஒடிசா, பீகாரிலிருந்து குடும்பத்தோடு வந்து பண்ணையிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் உண்டு. தாய்க்குத் தமிழ் தெரியாது. குழந்தையின் தடுப்பூசி அட்டை சொந்த ஊரில் மாமியாரிடம் இருக்கும். ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தை ஒன்று அந்தத் தகரக் கொட்டகையில் இருப்பது எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் தெரியப்போவதில்லை. தீவனம் இறக்க வந்த லாரிக்காரர் போகிற போக்கில் சொல்லித்தான் பல சமயம் எனக்கே தெரியவரும். தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு போய் நிற்பேன். விட்டுப்போன தவணைக்காகத் திட்டுவார்கள் என்று பயந்து குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போகிற தாய்மாரும் உண்டு. முதலிலிருந்து எல்லாம் போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று புரியவைத்தால் வந்துவிடுவார்கள்.

தட்டம்மை காற்றில் பரவுவது. நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் ஊருக்குள் பரவாமல் நிற்கும். மிச்சம் ஐந்து பேர்தானே என்று விடவும் முடியாது. அந்த ஐந்து பேர் ஊர் முழுக்கச் சிதறி இருப்பதில்லை. பண்ணை, செங்கல் சூளை என்று ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு வந்தால் அத்தனை பிள்ளைக்கும் வரும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போடுவது என்னவோ ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் இருக்கிறது பாடு. ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் மருந்து கொண்டுபோகும் கேரியரில் அடுக்கக் கூடாது, மருந்து உறைந்துவிடும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதோரம் ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் மருந்தை வைப்போம். வெயிலில் கெட்டுப்போனால் குப்பி மேல் சூட்டைக் காட்டுவதற்கென்றே உள்ள சதுரம் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் மருந்து உறைந்து கெட்டால் அந்தச் சதுரம் எதையும் காட்டாது. செவிலியருக்குத்தான் அந்தக் கவனம் வேண்டும். தட்டம்மை மருந்தைக் கலக்கினால் நான்கு மணி நேரம்தான், மீதியைக் கொட்ட வேண்டியதுதான். அதற்காக, வந்திருக்கும் ஒரே குழந்தையை அடுத்த வாரம் வா என்று அனுப்பக் கூடாது. ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும்.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி கிளம்பியது. துறை அறிக்கை விட்டது, அமைச்சர் பேசினார், சரி. ஆனால் எங்கள் ஊர்த் தாய்மார் கேட்டது, "சிஸ்டர், உங்க வீட்டுப் புள்ளைக்குப் போட்டீங்களா?" என்றுதான். கர்ப்பமான நாளிலிருந்து ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த முகத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அந்த முகம் இன்று பல ஊர்களில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஒரு செவிலியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை 'இன்சார்ஜ்' என்று பக்கத்து ஊர்ச் செவிலியர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டு ஊர்க் கர்ப்பிணிகளையும் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிவது, அதிகாரி கேட்கும் புள்ளிவிவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று பொழுது போய்விடும். பதிவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவு எண் வேண்டும். ஆனால் பதிவேற்ற ஒரு ஆள் போட்டுவிட்டு, செவிலியரை ஊருக்குள் அனுப்புங்கள். எந்த மாதம் யார் ஓய்வுபெறுவார் என்பது துறைக்கு முன்கூட்டியே தெரியும். புதியவர் ஒரு மாதம் முன்னதாக வந்து, பழையவரோடு வீடு வீடாகப் போய் அறிமுகமாகிக்கொள்ள ஏற்பாடு செய்யலாமே!

பண்ணை முதலாளிகளுக்கும் ஒன்று. கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் குஞ்சுகளுக்கு எந்த நாள் கொடுப்பது என்று தேதி எழுதி மாட்டி வைத்திருப்பீர்கள். கொட்டகையில் குடியிருக்கும் குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். புதுக் குடும்பம் வந்து இறங்கியதும் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு அரைநாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நாமக்கல் மாவட்டம்.