பெலாங்காஸ் (குதிரைலாட நண்டு) நண்டில்லை, கயல்

தெம்பனீஸ், சிங்கப்பூர்
15 ஜூன் 2025

அன்புள்ள கயல்,

மெல்பர்னில் குளிர் கூடிவிட்டது என்று சொன்னாய். இனியாவுக்கு ராத்திரியில் மறக்காமல் காலுறை போட்டுவிடு. நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் வீடியோவில் இனியா கேட்டாளே, “பாட்டி, முதுகெலும்பு இல்லாத அனிமல்ஸ் எல்லாம் ஒரே ஃபேமிலியா?” என்று. அவள் புத்தகத்தில் மண்புழு, சிலந்தி, ஜெல்லிமீன், நத்தை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதில் கிடக்கிறது. போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன். நீ படித்து அவளுக்குச் சொல்.

அதோடு, உனக்கு நான் சொல்ல வேண்டிய திருத்தம் ஒன்றும் பல வருடமாக பாக்கி இருக்கிறது.

2001 கடைசியில் நாம் புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடற்கரைக்குப் போனது நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் போகிறார்கள், அதற்குள் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் ஜனம் புலாவ் உபினுக்குக் கிளம்பிய நேரம். சாங்கிப் படகுத்துறையில் வரிசையில் நின்று பம்போட் என்ற சின்னப் படகில் ஏறினோம். அங்கே சேற்றில், மல்லாத்திய இரும்புத் தொப்பி போல ஒன்று நீளமான வாலோடு கிடந்தது. நீ கையை நீட்டினாய். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, “தொடாதே, அது நண்டு, வால் கொட்டும்” என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே திரும்பினாய். அந்த டிசம்பரில் தூர்க்கும் திட்டத்தை அரசாங்கம் தள்ளிவைத்தது, செக் ஜாவா பிழைத்தது. ஆனால் நான் சொன்ன வாக்கியம் உன் மனதில் அப்படியே நின்றுவிட்டது. போன மாதம்கூட இனியாவிடம் நீ அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

முதலில் இனியாவின் கேள்வி. இல்லை, ஒரே குடும்பம் இல்லை. நம் அடுக்குமாடி புளோக்கில் கார் இல்லாத வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா? முதுகெலும்பற்றவை என்ற பெயரும் அந்த மாதிரிதான். எது இல்லை என்று மட்டும் சொல்கிறது. உலகத்தில் உள்ள விலங்கு இனங்களில் 95 சதவீதத்துக்கு மேல் இந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில், உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ் என்ற ஸ்வீடன் அறிஞர் இவ்வளவையும் பூச்சி, புழு என்று இரண்டே கூடைகளில் போட்டார். பிறகு 1793இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு அந்த இரண்டு கூடைகளையும் ஒப்படைத்தார்கள். அதுவரை அவர் படித்ததெல்லாம் செடிகொடிகள். நாற்பத்தொன்பது வயதில் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொன்றின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

நீ இங்கே அறிவியலை ஆங்கிலத்தில் படித்தாய். பெயர்கள் கிரேக்கமும் லத்தீனுமாக இருந்ததால் ராத்திரி மேசையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாய். நான் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை விலங்கியலைத் தமிழில் படித்தவள். துளையுடலி, குழியுடலி, மெல்லுடலி, கணுக்காலி, முட்தோலி. பெயரைச் சொன்னாலே உடம்பு கண்ணுக்குத் தெரிகிறது. இனியாவுக்குத் தமிழிலேயே சொல் என்று நான் கேட்பது அதனால்தான்.

நேற்று விடியற்காலை சாங்கிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. இந்த மாதங்களில் அது விடிவதற்கு முன்னால்தான் நடக்கும். நாலரைக்கு டாக்சி. அப்பா டார்ச் பிடித்தார், நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இனியாவுக்காகத்தான் போனேன், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று.

முதலில் கண்ணில் பட்டது கடற்பஞ்சு. கல்லின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் மெழுகு வழிந்தது போல ஒட்டியிருந்தது. இதுதான் துளையுடலி. வாய் கிடையாது, வயிறு கிடையாது, நரம்பு கிடையாது. உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளைகள். அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே போகும், உள்ளே இருக்கும் செல்கள் நீரில் உள்ளதை வடிகட்டித் தின்னும், பெரிய துளை வழியாக நீர் வெளியே வரும். 1907இல் வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கடற்பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். அவை ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடியும் கடற்பஞ்சாக வளர்ந்தன. இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நம் ஊருக்கென்றே ஒரு கடற்பஞ்சு உண்டு. நெப்டியூன் கிண்ணம் என்று பெயர். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து பெரிய கோப்பை மாதிரி நிற்கும், குழந்தையை உள்ளே உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். சிங்கப்பூர்க் கடலில் கிடைத்ததை வைத்து 1822இல் ஹார்ட்விக் என்பவர் அதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கேட்டுக் கேட்டு வாங்கின. அப்படியே எடுத்து எடுத்து, கண்ணிலேயே படாமல் போய், அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2011இல் செயிண்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் முக்குளித்தவர்கள் உயிரோடு ஒன்றைக் கண்டார்கள். நூறு வருடம் கழித்து!

மணல் திட்டைத் தாண்டியதும் கடல் சாமந்தி. தட்டு அகலத்துக்கு மணலோடு மணலாக விரிந்து கிடந்தது. விரல் பட்டால் பசை மாதிரி ஒட்டும் என்பார்கள். அது பசையில்லை. அதன் கொட்டும் செல்களுக்குள் சுருட்டி வைத்த நூல் ஒன்று இருக்கிறது, ஏதாவது பட்டதும் பாய்ந்து குத்தும். நம் தோல் தடிமன் என்பதால் ஒட்டுவது போலத் தெரிகிறது. சின்ன மீனுக்கு அதுதான் முடிவு. உடம்பு ஒரு பை, பைக்கு ஒரே வாய். தின்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். குழியுடலி என்ற பெயர் அதற்குத்தான். ஜெல்லிமீனும் பவளமும் இதே குடும்பம். பவளம் கல் இல்லை, கல்லைக் கட்டிக்கொண்டு அதில் குடியிருக்கும் உயிர் என்று இனியாவிடம் அழுத்திச் சொல். நம் சின்னக் கடலில் 250க்கும் மேற்பட்ட வகைக் கல்பவளங்கள் இருக்கின்றன.

புழு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று தனிக் குடும்பம். தட்டைப்புழுவைப் பார்க்கக் கடற்கரைக்கே போக வேண்டாம், மழை பெய்த மறுநாள் புளோக்குக் கீழே பூந்தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தால் போதும். சுத்தியல் தலையோடு, முதுகில் கோடு போட்டு, ரிப்பன் மாதிரி ஒன்று ஊரும். அதன் வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. உருளைப்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், சின்ன வயதில் உனக்குப் பூச்சி மருந்து கொடுத்ததெல்லாம் அதை வெளியேற்றத்தான். மண்புழுவும் அட்டையும் வளைதசைப்புழுக்கள், வளையல் அடுக்கியது போல உடம்பு. மண்புழுவின் அடிவயிற்றை விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவச் சொல். சொரசொரவென்று குத்தும் பொடி முட்களைப் பிடித்துத்தான் அது மண்ணுக்குள் நகர்கிறது.

மெல்லுடலிக்கு நம் சமையலறையே போதும். தேக்கா சந்தையில் சோத்தோங் (கணவாய்) வாங்கி வந்தால் நீ வந்து பக்கத்தில் நிற்பாயே, உள்ளேயிருந்து கண்ணாடி இறகு மாதிரி ஒன்றை நான் உருவும்போது? அது எலும்பில்லை. ஓட்டின் மிச்சம். நத்தை வெளியே சுமக்கும் வீட்டைச் சோத்தோங் உள்ளே சுருக்கி வைத்துக்கொண்டது. நத்தை, மட்டி, சங்கு, சிப்பி, சோத்தோங் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். மெத்தென்ற உடம்பு, அதைப் போர்த்தும் மேலாடை போன்ற தோல், தசைப்பற்றான பாதம். அந்தத் தோல்தான் ஓட்டைக் கட்டுகிறது. சோத்தோங்குக்கு இதயம் மூன்று, ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. இந்த நீலத்தை நினைவில் வைத்துக்கொள்.

ஆறு மணிக்கு மேல் லேசாக வெளுத்தபோது அப்பா “செத்த நண்டு” என்று ஒன்றைக் காட்டினார். எடுத்துப் பார்த்தால் காற்றைப் போலக் கனமில்லை. நண்டு கழற்றிப் போட்ட ஓடு. கணுக்காலிகளுக்கு எலும்புக்கூடு வெளியே இருக்கிறது. அது வளராது, அதனால் உள்ளே இருப்பவர் வளர வேண்டுமானால் முழுவதையும் கழற்றியாக வேண்டும். பின்பக்கம் திறந்து, பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்துவிடும். கையில் இருந்த ஓட்டில் கண்ணின் மூடி, கால்நகத்தின் கூர், வாய்ப்பக்க மயிர் எல்லாம் அப்படியே இருந்தன. புது ஓடு இறுகும்வரை நண்டு மெத்தென்று கிடக்கும், அப்போது ஒளிந்துகொள்ளாவிட்டால் யார் வேண்டுமானாலும் தின்றுவிடலாம். உலகத்தில் மிகப் பெரிய குடும்பம் இதுதான். பிரித்துப் பார்க்க இனியாவுக்கு ஒரு வழி சொல்: காலை எண்ணு, உணர்கொம்பைத் தேடு. ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு என்றால் பூச்சி. எட்டுக் கால், உணர்கொம்பே இல்லை என்றால் சிலந்தி, தேள் வகை. நண்டு, இறாலுக்கு உணர்கொம்பு இரண்டு ஜோடி. பூரானுக்கு உடம்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்கு இரண்டு ஜோடி.

நேற்று என்னை அதிக நேரம் உட்காரவைத்தது ஒரு கடல் நட்சத்திரம். அலை அதைப் புரட்டிப் போட்டிருந்தது. அடிப்பக்கம் மேலே. ஐந்து கையின் நடுவிலும் ஒரு வாய்க்கால், அதில் நூற்றுக்கணக்கில் கண்ணாடிக் குழாய் மாதிரிக் கால்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக எதையோ தேடிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைத் தசை மட்டும் நகர்த்தவில்லை. உடம்புக்குள் கடல்நீர் ஓடும் குழாய்கள் இருக்கின்றன, அந்த நீரின் அழுத்தம்தான் கால்களை நீட்டுகிறது. ஒரு கையின் நுனி மெல்ல மடங்கி மணலைத் தொட்டது. இரண்டாவது கை மடங்கியது. பிறகு நிதானமாக, தூக்கத்தில் புரண்டு படுப்பது போலத் திரும்பிவிட்டது. அப்பாவும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடல் அட்டை, கடல் முள்ளெலி எல்லாம் முட்தோலிகளே. ஐந்து ஐந்தாகப் பிரிந்த உடம்பு. நல்ல தண்ணீரில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் உப்புநீர்தான். இன்னொன்று சொன்னால் இனியா நம்ப மாட்டாள்: நண்டைவிட, நத்தையைவிட, இந்த நட்சத்திரம்தான் நமக்கு நெருங்கிய உறவு. கரு உருவாகும் விதத்தில் அதுவும் நாமும் ஒரு பக்கம், அவையெல்லாம் மறுபக்கம்.

இப்போது அந்தத் திருத்தம்.

நாம் அன்று பார்த்தது குதிரைலாட நண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அதைப் பெலாங்காஸ் என்பார். ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே திரிவதால், பிரியாத ஜோடியைப் பெலாங்காஸ் மாதிரி என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களாம். பெயரில் நண்டு இருந்தாலும் அது நண்டில்லை. உணர்கொம்பு கிடையாது. வாய்க்கு முன்னால் ஒரு ஜோடிச் சின்ன இடுக்கி இருக்கிறது, சிலந்திக்கும் தேளுக்கும் இருப்பது போல. அவற்றின் உறவுதான் இதுவும். 44 கோடி வருடப் பழைய பாறையில் இதன் முன்னோர் பதிந்திருக்கிறார்கள். அந்த வால் கொட்டாது. அதில் விஷமில்லை. கவிழ்ந்துபோனால் மண்ணில் ஊன்றித் திரும்பிப் படுப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறது. அன்று அது கவிழ்ந்து கிடந்து வாலை ஆட்டியது நிமிர்வதற்குத்தான். நான் கொட்ட வருகிறது என்று நினைத்தேன்.

அதன் ரத்தமும் நீலம், செம்பு ரத்தம். கிருமியின் நச்சு கொஞ்சம் பட்டாலும் அது உறைந்துவிடும் என்று 1956இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்துதான் ஊசி மருந்திலும் தடுப்பூசியிலும் நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வந்தது. ரத்தத்துக்காக லட்சக்கணக்கில் பிடித்தார்கள். பிறகு 1990களில் நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ரத்தம் எடுக்காமலே அந்தச் சோதனையைச் செய்ய வழி கண்டார்கள். அதற்கான மரபணுவை எடுத்தது நம் சதுப்புநிலக் குதிரைலாட நண்டிலிருந்துதான்.

அன்று உன் கையைத் தட்டிவிட்டதற்கு வருத்தப்படுகிறேன், கயல். நீ தொடப்போனது தப்பே இல்லை. இனியாவிடமும் பாட்டி தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்.

டிசம்பரில் வரும்போது தண்ணீர் சாயங்காலம்தான் இறங்கும், அதனால் அவளைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டியிருக்காது. சேற்றில் செருப்பு நிற்காது. அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பு, ரப்பர் பூட்ஸ் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா